ஏற்காடு போகிற வழியில் ஒரு சின்னான்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பறவை பார்க்கப் போவது பற்றிப் பேசச் சொல்லிச் செயலாளர் 15 நிமிடம் கொடுத்திருக்கிறார். எனக்கு அடுத்து தண்ணீர்த் தொட்டி விவகாரம் இருக்கிறது. அதனால் நேரத்துக்குள் முடித்துவிடுகிறேன்.

பறவை பார்க்கப் போகிறேன் என்று சொன்னால், "வேடந்தாங்கலா, கோடியக்கரையா?" என்று கேட்கிறீர்கள். இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் நாம் சேலத்துக்காரர்கள். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதே சேர்வராயன் மலை கண்ணில் படுகிறது. அங்கே ஒரு பறவை இருக்கிறது. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. அதைப் பார்ப்பதற்காகவே வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வருகிறவர்கள் உண்டு. நாமோ அதன் வீட்டு வாசல் வழியாக வருடத்துக்கு நாலு தடவை காரில் போய்வருகிறோம்.

அதன் பெயர் மஞ்சள்தொண்டைச் சின்னான். நம் வளாகத்து வேப்பமரத்தில் சண்டை போடுகிற கொண்டைக்குருவியின் உறவுக்காரப் பறவை. ஆனால் இதற்குக் கொண்டை கிடையாது. தலையும் தொண்டையும் நல்ல மஞ்சள், வாலுக்கு அடியிலும் மஞ்சள், உடம்பு சாம்பல் கலந்த பச்சை. அதே சரிவில் வெண்புருவச் சின்னானும் இருக்கும். அதற்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு இருக்கும், தலையில் மஞ்சள் இருக்காது. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், குழப்பம் வராது.

நாம் ஏற்காடு போகிற விதத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். அடிவாரத்தில் ஒரு டீ. பிறகு பிள்ளைகள் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணத் தொடங்குவார்கள், மொத்தம் 20. பாதியில் யாராவது ஒருவருக்கு வாந்தி. நேராக ஏரி, படகு, லேடீஸ் சீட், பக்கோடா பாயிண்ட், மிளகாய் பஜ்ஜி, திரும்பி வீடு. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டரில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். நடுவிலே இருக்கிற 1,200 மீட்டர் நமக்கு வெறும் வழி. கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு கடந்துவிடுகிறோம்.

இந்தச் சின்னான் வாழ்வது அந்த நடுவில்தான். மேலே உள்ள குளிர்ந்த காப்பித் தோட்டம் அதற்குப் பிடிக்காது. வெயில் சுடுகிற பாறை, பாறை இடுக்கில் முள்புதர், அங்கங்கே ஓர் அத்தி, இதுதான் அதற்கு வேண்டும். நந்தி மலை, ஆந்திராவின் ஹார்ஸ்லி மலை, செஞ்சிக் குன்றுகள் என்று அது இருக்கிற இடங்களையெல்லாம் வரிசையாகப் பாருங்கள். எல்லாமே இப்படிப்பட்ட கரடுமுரடான பாறைச் சரிவுகள்தான்.

இதை முதலில் அறிவியல் உலகுக்குச் சொன்னவர் தாமஸ் ஜெர்டன், நெல்லூரில் இருந்த ஆங்கிலேய மருத்துவர். அது 1840களில். அதற்கப்புறம் 1929இல் வெர்னே என்ற செல்வந்தர் பணம் கொடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் துணையோடு கிழக்குத் தொடர்ச்சி மலை முழுக்க ஒரு பறவைக் கணக்கெடுப்பைத் தொடங்கி வைத்தார். அந்தக் குழு சேர்வராயன் மலைக்கும் வந்தது. அடிவாரத்துக் குரும்பப்பட்டியிலும் தங்கி வேலை செய்தார்கள். ஆமாம், நாம் பிள்ளைகளை உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப்போகிற அதே குரும்பப்பட்டிதான். அந்தக் காலத்தில் பறவையைப் படிப்பது என்றால் சுட்டு, தோலை உரித்து, பஞ்சு அடைத்துச் சீட்டு எழுதிக் கட்டுவது. இன்றைக்கு 8 மடங்கு பெரிதாகக் காட்டுகிற பைனாகுலரும் ஒரு கைபேசியும் இருந்தால் நாமே அந்த வேலையைச் செய்யலாம், ஓர் உயிரையும் எடுக்காமல்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் இந்தப் பறவை 'அழிய வாய்ப்புள்ள இனம்' என்ற பிரிவில் இருக்கிறது. காடு என்றால் பெரிய மரமும் நிழலும் என்று நாம் முடிவு செய்து வைத்திருக்கிறோம். முள்ளும் பாறையுமாக ஒரு சரிவைப் பார்த்தால் "சும்மா கிடக்கிற இடம்" என்கிறோம். கல்குவாரிக்காரர் கண்ணுக்கு அது ஜல்லி. மரம் நடுகிறவர் கண்ணுக்குப் பச்சையாக்க வேண்டிய பொட்டல். இந்த மலையில் மேலே பாக்சைட் வெட்டினார்கள், கீழே மேக்னசைட் வெட்டினார்கள். ஒரு சரிவில் பாறை போய்விட்டால் அந்தச் சின்னானுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் குடியேறத் தெரியாது. நல்ல எண்ணத்தோடு விதைப்பந்து எறியக் கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தப் பாறைச் சரிவை விட்டுவிடுங்கள். அது ஏற்கெனவே முழுமையாகத்தான் இருக்கிறது.

அடுத்தது நம் கையில் உள்ள விஷயம், குரங்குகள். வளைவுகளில் வண்டியை நிறுத்திச் சிப்ஸ் போடுகிறோம். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், போட்டோ எடுக்கிறோம். தின்பண்டம் கிடைக்கிற இடத்தில் குரங்குக் கூட்டம் நிலையாக உட்கார்ந்துவிடும். குரங்கு கூட்டில் கைவிட்டு முட்டையையும் குஞ்சையும் எடுத்துத் தின்னும். சாலையோரப் புதரில் கூடு கட்டிய பறவைக்கு நம் 10 ரூபாய்ப் பாக்கெட் என்ன செய்யும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று, கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது. 'மெர்லின்' செயலி எல்லோரிடமும் இருக்கிறது. குரலைக் கேட்டுப் பெயரைச் சொல்கிறது, நல்ல செயலிதான், போடுங்கள். ஆனால் அதிலிருந்து குரலை எழுப்பாதீர்கள். எதிரி தன் எல்லைக்குள் வந்துவிட்டான் என்று அந்த ஆண் பறவை இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு ஓடிவரும். நாம் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவோம். பின்னால் அடுத்த வண்டி வரும், அவரும் போடுவார். எந்த வளைவுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று சிலர் கேட்டீர்கள். அதை வாட்ஸ்அப் குழுவில் போட மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மேலே போனால் வேறு உலகம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பிச் செடிதான் இன்றைய ஏற்காட்டுக்கு ஆரம்பம். காப்பிக்கு நிழல் வேண்டும். பலாவும் அத்தியுமாக நாட்டு மரங்கள் நிற்கிற தோட்டத்தில் காலை 7 மணிக்கு நின்றால் கழுத்து வலிக்கிற அளவுக்குப் பறவை பார்க்கலாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மட்டும் நிற்கிற தோட்டத்தில் அத்தனை இருக்காது. மிளகுக் கொடி ஏற்ற வசதியான மரம், ஆனால் பறவை தின்னப் பழம் கிடையாது. தோட்டக்காரர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் கடன் இருக்கிறது. நாம் காப்பித்தூள் வாங்கும்போது எப்படிப்பட்ட நிழலில் விளைந்தது என்று ஒரு கேள்வி கேட்டு வைக்கலாம்.

அக்டோபரில் ஆறுமணிக்குருவி வடக்கிலிருந்து வரும். காலை ஆறு, மாலை ஆறு என்று கூப்பிடுவதால் அந்தப் பெயர். இரவில் பறந்து வந்து களைத்துப்போய் நம்மைப் போன்ற அடுக்குமாடி பால்கனிகளிலும் விழும். பல வண்ணத்தில் இருப்பதால் யாரோ வளர்த்த பறவை என்று நினைத்துக் கூண்டில் போட்டுவிடாதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாமல் வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பிப்ரவரியில் நான்கு நாள் உலகம் முழுக்க வீட்டுப் புழக்கடைப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 2013 முதல் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை 'ஈ-பேர்ட்' தளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். மூட்டு வலிக்காரர்கள் மொட்டை மாடியிலிருந்தே செய்யலாம். காக்கையையும் எண்ணுங்கள், அதுவும் கணக்குதான்.

மலைக்கு வர விரும்புகிறவர்களுக்கு: அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணிக்கு மெயின் கேட்டில் வேன் நிற்கும். 12 பேருக்குத்தான் இடம். பளிச்சென்ற சிவப்பு, வெள்ளை உடை வேண்டாம். செண்ட் அடித்தால் பறவை கண்டுகொள்ளாது, பக்கத்தில் உட்காருகிறவர்தான் பாவம். சாலையை விட்டுக் காப்புக்காட்டுக்குள் இறங்கக் கூடாது. அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், விடியலில் காட்டெருமையும் நடமாடும். பாதிச் சரிவில் இரண்டு மணி நேரம் நிற்போம். ஏரிக்குப் போக நேரம் இருக்குமா என்று இப்போதே கேட்காதீர்கள். பைனாகுலர் என்னிடம் இரண்டு இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்க்கலாம். செக்யூரிட்டி அறையில் நோட்டு வைத்திருக்கிறேன், பெயரும் பிளாட் எண்ணும் எழுதிவிடுங்கள். பிள்ளைகளுக்கு முதலிடம்.