குறைந்த செலவில் இன்டர்கூலர்: எண்ணூர் வெயிலில் எது எடுபடும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். நீளத்துக்காகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்துச்சு. அனுப்பினது என் காலேஜ் நண்பன், ராயபுரத்துக்காரன். "மச்சான், இந்த இன்டர்கூலர் கிட் வாங்கிடவா?" வெளிநாட்டுக் கிட். கூரியர், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல போகுது. அவன் கையில இருந்தது 25,000 ரூபாய். மிச்சத்தை கிரெடிட் கார்டுல தேய்க்கலாம்னு ஐடியா.

அவன்கிட்ட இருக்கிறது இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், மேல சூப்பர்சார்ஜர். பழைய வண்டி, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினான். முந்தின ஓனர் சூப்பர்சார்ஜர்ல சின்ன புல்லி மாட்டியிருந்தார். புல்லி சின்னதானா பிளோயர் வேகமா சுத்தும், பூஸ்ட் ஏறும். சுமார் 0.5 பார்ல இருந்தது 0.8 ஆயிடுச்சு. காலையில வண்டி பறக்குது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா இழுவையே இல்ல, லேசா "டிக் டிக்"னு நாக்கிங் சத்தம். நாக்கிங்கை விட்டு வச்சா ஒருநாள் பிஸ்டன் போயிடும். அந்த எஞ்சினைப் பிரிச்சு வேலை பார்க்கிற செலவு, அவன் காருக்குக் கொடுத்த விலையைத் தொடும். அதனால இது ஜாலிக்காக கேட்ட கேள்வி இல்ல.

பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு ஒத்துக்கணும். இரண்டு வருஷம் முன்னாடி என் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக்ல நானே இந்த வேலையைப் பண்ணேன். கிடைச்சதுலயே பெரிய, தடிமனான இன்டர்கூலரை வாங்கி முன்னாடி மாட்டினேன். அது ரேடியேட்டருக்குப் போற காத்தையும் மறைச்சுடுச்சு. ஒரு மே மாசம் எர்ணாவூர் பக்கம் டிராபிக்ல, முன்னாலயும் பின்னாலயும் கன்டெய்னர் டிரெய்லர். டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனதை நான் லேட்டாத்தான் பார்த்தேன். ஹெட் கேஸ்கெட் அவுட். 60,000 ரூபாய் பாடம். தப்பு கடைக்காரர் மேல இல்ல, அளந்து பார்க்காம வாங்கின என் மேலதான்.

சரி, அடிப்படைக்கு வருவோம். இன்டர்கூலர் எதுக்கு? சைக்கிள் பம்பால காத்தடிக்கும்போது பம்போட அடிப்பாகம் சுடும்ல, அதேதான். காத்தை அமுக்கினா சூடாகும். நண்பன் வண்டியில இருக்கிறது ரூட்ஸ் வகை பிளோயர். 1860-ல அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துல ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை வாங்கின டிசைன். காருக்காகப் பிறந்ததே இல்ல, தொழிற்சாலைக்குக் காத்து ஊதப் பிறந்தது. இன்னைக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள்ல இதே டிசைன் ஓடுது. கீழ் ஆர்பிஎம்லயே நல்லா இழுக்கும். ஆனா திறன் குறைவு, காத்தை அதிகமாவே சூடாக்கும்.

எவ்வளவு சூடு? கணக்கு போடுவோம். வெளிக்காத்து 38 டிகிரி, பிளோயர் திறன் 55 சதவீதம்னு வச்சுக்குவோம். 0.5 பார் பூஸ்ட்ல வெளிய வர்ற காத்து சுமார் 107 டிகிரி. 0.8 பார்ல 141 டிகிரி. சின்ன புல்லி மட்டும் கொடுத்த பரிசு 34 டிகிரி! இதை இன்டர்கூலர் குளிர வைக்கணும். 70 சதவீதம் வேலை செய்யிற கூலர்னா 69 டிகிரிக்குக் கொண்டு வரும். 80 சதவீதம்னா 59. லட்ச ரூபாய் கிட் கொடுக்கிற வாக்குறுதி கிட்டத்தட்ட இந்தப் பத்து டிகிரிதான்.

இப்போ இன்னொரு கணக்கு. அதே பழைய 70 சதவீத கூலர்தான். ஆனா பிளோயர் உறிஞ்சுற காத்தும், கூலர் மேல படுற காத்தும் 38 இல்ல, பானெட் சூட்டுல கலந்து 50 டிகிரின்னு வைங்க. எஞ்சினுக்குப் போறது 82 டிகிரி! அதாவது தப்பான இடத்துல காத்து எடுத்தா 13 டிகிரி நஷ்டம். புது கிட் கொடுக்கிற லாபத்தை விட இது அதிகம். இதை நண்பனுக்கு மெசேஜ்ல அனுப்பினேன். ஐந்து நிமிஷம் "டைப்பிங்"னு காட்டிச்சு, அப்புறம் "அப்ப வாங்க வேணாமா?"ன்னு வந்துச்சு.

நான் சாப்ட்வேர் ஆள். எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு: எந்த வரி நேரத்தைத் தின்னுதுன்னு அளக்காம கோடை மாத்தக் கூடாது. காருக்கும் அதேதான். முதல் செலவு 1,200 ரூபாய், ஒரு ஓபிடி ப்ளூடூத் அடாப்டர். இன்டேக் காத்து வெப்பநிலையை போன்லயே பதிவு பண்ணலாம். ஒரே எச்சரிக்கை: அந்த சென்சார் இன்டர்கூலருக்குப் பின்னாடி இருக்கான்னு பாருங்க. சில வண்டியில பிளோயருக்கு முன்னாடியே இருக்கும், அந்த நம்பர் இதுக்கு உதவாது. இன்னொண்ணு, வெறும் வெப்பநிலையை ஒப்பிடாதீங்க. ஒரு நாள் கடல் காத்து சீக்கிரமே வந்து 33 இருக்கும், இன்னொரு நாள் 39 இருக்கும். "வெளிக்காத்தை விட எத்தனை டிகிரி கூட"ன்னு எழுதி வைங்க.

முழு பூஸ்ட்ல அளக்க எக்ஸ்பிரஸ் ரோட்டுக்குப் போகாதீங்க. நாங்க இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்ல ஒரு ட்ராக் டேக்கு போனோம். மூணாவது லேப்ல வந்த நம்பர்: வெளிக்காத்தை விட 45 டிகிரி கூட. கணக்குல வந்த அந்தக் கெட்ட நிலைமை இருக்கே, கிட்டத்தட்ட அதுவேதான்.

திரும்பி வந்து வண்டியை எங்க வீட்டு வாசல்ல, திருவொற்றியூர்ல நிறுத்தினோம். எங்க அப்பா டிரெய்லர் ஓட்டுறவர். துறைமுகத்துக்கும் மணலி யார்டுக்கும் நடுவுல பாதி ஆயுசைக் கழிச்சவர். அவரோட லாரியிலயும் டர்போவும் இன்டர்கூலரும் இருக்கு. நம்ம ஏரியாவுல இன்டர்கூலர்ங்கிறது ஸ்போர்ட்ஸ் கார் சாமானே இல்ல, லாரி சாமான். அவர் குனிஞ்சு பம்பர் ஓட்டையில டார்ச் அடிச்சுப் பார்த்தார். "இன்னாடா இது, கூலரா செங்கல்லா?"ன்னு கேட்டார்.

ஃபின் இடுக்கெல்லாம் அடைப்பு. எண்ணூர் பக்கம் ஓடுற வண்டிக்கு இது சகஜம். அனல்மின் நிலையச் சாம்பல், லாரி கிளப்புற மண்ணு, அதுக்கு மேல ஓட்டிக்கிற உப்புக்காத்தோட ஈரம். எல்லாம் சேர்ந்து பிசின் மாதிரி ஆயிடும். அலுமினியத்துல வெள்ளைப் பொடி பூத்திருந்தா அது உப்பு அரிச்ச தடம். அப்பா சொன்னது இதுதான்: "மொதல்ல கழுவு, அப்புறம் மாத்துறதைப் பத்திப் பேசு. எஞ்சின் பக்கத்துலேர்ந்து வெளிய தள்ளி ஊது. முன்னாலேர்ந்து ஊதினா குப்பை உள்ளதான் போவும்." பிரஷர் வாஷர் துப்பாக்கியைக் கிட்ட வச்சு அடிச்சா ஃபின் மடிஞ்சுடும். அதனால கம்ப்ரஸர் காத்து, சோப்புத் தண்ணி, பொறுமை.

கழுவின பிறகுதான் இரண்டாவது பிரச்சினை தெரிஞ்சுது. கூலரைச் சுத்தி மூணு விரல் அளவுக்கு இடைவெளி. காத்து சோம்பேறி, சுலபமான வழியிலதான் போகும். ஃபின் வழியா நுழையாம அந்தச் சந்து வழியா ஓடிடும். ஒரு டிங்கரிங் கடையில அலுமினியத் தகடு வளைச்சு, ஓரமெல்லாம் ஃபோம் பட்டை ஒட்டினோம். முந்தின ஓனர் பானெட்டுக்குள்ள திறந்த ஏர் ஃபில்டர் வச்சிருந்தார், பார்க்க ரேஸ் கார் மாதிரி இருக்கும், உறிஞ்சுறது எஞ்சின் சூடு. அதுக்குப் பெட்டி அடைச்சு, குழாயை கிரில்லுக்குக் கொண்டு வந்தோம். மொத்தம் 2,800 ரூபாய். அடுத்த ட்ராக் டேல அளந்தா 45 இருந்த இடத்துல 32.

ஆனா நாக்கிங் முழுசா போகல. ஆகவே இப்பதான் உண்மையிலேயே கூலர் வாங்குற கேள்வி. எங்க முன்னாடி நாலு வழி இருந்துச்சு.

ஒண்ணு, லாரி கூலரையே வெட்டிப் போடுறது. கிலோ கணக்குல மலிவாக் கிடைக்கும். ஆனா அளவும் குழாய் வாயும் பெருசு, கார் பம்பருக்குள்ள அடங்காது. அடக்கினா என் எர்ணாவூர் கதைதான்.

இரண்டு, தண்ணீரால குளிர்விக்கிற கூலர். விசைப்படகு மாதிரி கடல் டீசல் எஞ்சின்ல இது அருமையான ஏற்பாடு, ஏன்னா சுத்தி முழுக்கக் கடல். காருக்குக் கடல் கிடையாது. அதே தண்ணியை முன்னாடி இன்னொரு ரேடியேட்டர்ல ஆற வச்சுத் திரும்ப அனுப்பணும். பம்ப், டேங்க், இரண்டாவது ரேடியேட்டர்னு செலவு கூடும். நம்ம எஞ்சின் முழு இழுவையில இருக்கும்போது காத்துலேர்ந்து எடுக்க வேண்டிய வெப்பம் சுமார் 11 கிலோவாட். ஒன்றரை டன் ஏசி இரண்டு சேர்ந்து பண்ற வேலை அது. நண்பன் கேட்டான், "காசிமேட்டுல ஐஸ் வாங்கி டேங்க்ல போட்டா?" ட்ராக் ரேஸ் கார்ல நிஜமாவே போடுறாங்க. ஆனா ஒரு கிலோ ஐஸ் அரை நிமிஷத்துக்குத்தான் தாங்கும். பத்து கிலோ போட்டா ஐந்து நிமிஷம். மீனுக்கே மிச்சம் வைப்போம்.

மூணு, தண்ணி-மெத்தனால் தெளிக்கிற கிட். வேலை செய்யும். ஆனா டேங்க் காலியானாலோ நாசில் அடைச்சாலோ அந்த நொடியே பாதுகாப்பு போயிடும். அதோட மெத்தனால் வீட்டுல கேன்ல வைக்கிற பொருள் இல்ல. 2024-ல கள்ளக்குறிச்சியில நடந்ததுக்கு அப்புறம் இதை விளக்க வேண்டியதில்ல.

நாலு, பெரிய டீசல் கார்லேர்ந்து கழட்டின காத்து-கூலர். நாங்க எடுத்தது இதுதான். டீசல் வண்டியோட பூஸ்ட் பெரும்பாலும் இந்த 0.8 பாரை விட அதிகம், அதனால அழுத்தம் தாங்கும். புதுப்பேட்டையில தேடி எடுத்தோம், 6,500 ரூபாய். வாங்கும்போது பார்த்தது நாலே விஷயம். உள்ள விரல் விட்டு எண்ணெய் இருக்கான்னு பார்க்கணும். கொஞ்சம் இருந்தா கழுவலாம், ஆனா உலோகத் துகள் வந்தா விட்டுடுங்க, செத்துப்போன டர்போவோட மிச்சம் அது. பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோட சேர்ற ஓரத்துல வெடிப்பு இருக்கக் கூடாது. தடிமன் பழைய கூலரை விட ரொம்ப அதிகமா இருக்கக் கூடாது. உயரமும் அகலமும் கூடினா நல்லது, ஏன்னா புதுக் காத்து படுற முகம்தான் முக்கியம். கடைசியா லீக் டெஸ்ட்: இரண்டு வாயையும் அடைச்சு, லேசா காத்து ஏத்தி, பஞ்சர் கடைத் தொட்டியில முக்கினோம். குமிழி வரல.

குழாய், சிலிக்கான் ஹோஸ், கிளாம்ப், வெல்டிங் எல்லாம் 5,500. வளைவு எத்தனை குறைவோ அவ்வளவு நல்லது. கூலருக்கு முன்னாடியும் பின்னாடியும் அழுத்தம் அளந்தோம், வித்தியாசம் 0.1 பாருக்குள்ள இருந்துச்சு. அதுக்கு மேல போனா பிளோயர் இன்னும் கஷ்டப்பட்டு இன்னும் சூடாக்கும், குளிர வச்சதை நாமளே திருப்பிக் கொடுத்த மாதிரி.

கடைசி ட்ராக் டே நம்பர்: வெளிக்காத்தை விட 22 டிகிரி. மொத்தச் செலவு 16,000. லாக்ல நாக்கிங் திருத்தம் ஏறக்குறைய மறைஞ்சுடுச்சு. ஏறக்குறையன்னுதான் சொல்றேன். அதனால மே மாசம் மட்டும் பழைய பெரிய புல்லியை மாட்டிக்கன்னு சொல்லியிருக்கேன். அவனுக்கு அதுல வருத்தம்தான், ஆனா ஒத்துக்கிட்டான்.

ஒரு முக்கியமான விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துலேர்ந்து வண்டியை மாத்துறதைக் கட்டுப்படுத்துது. 2019-ல உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியிருக்கு. ரோட்டுல ஓட்டுற வண்டின்னா, வேலையைத் தொடங்குறதுக்கு முன்னாடி ஆர்டிஓ கிட்டயும் இன்சூரன்ஸ்லயும் கேட்டுடுங்க. கிளைம் நேரத்துல தெரிஞ்சுக்கிறது ரொம்பக் காஸ்ட்லி.

அந்த லட்ச ரூபாய் கிட் மோசமான பொருள்னு நான் சொல்லல. ஆனா அதை மாட்டியிருந்தாலும், அடைச்ச பம்பருக்குப் பின்னாடி, சந்து வழியா காத்து ஓடிக்கிட்டு, ஃபில்டர் எஞ்சின் சூட்டை உறிஞ்சிக்கிட்டுத்தான் இருந்திருக்கும். காசும் போய், நாக்கிங்கும் இருந்து, "இன்னும் பெருசு வேணும்"னு அவன் அடுத்த ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருப்பான். வரிசை இதுதான்: அளங்க, கழுவுங்க, காத்துக்கு வழி போடுங்க, அதுக்கப்புறமும் குறை இருந்தா வாங்குங்க.

அப்பா அந்த வண்டியில ஒரு ரவுண்டு போயிட்டு வந்தார். இறங்கினதும் இழுவையைப் பத்தி ஒண்ணும் சொல்லல. "மாசத்துக்கு ஒரு தபா கழுவச் சொல்லு"ன்னு மட்டும் சொன்னார்.

உங்க வண்டியோட நம்பர் இருந்தா அனுப்புங்க, வெளிக்காத்து எத்தனைன்னு சேர்த்து எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.