வட்டத்துக்குள் வாருங்கள்



புத்தகங்களைப் பேசும் மேடையில் ஆட்டத்தைப் பற்றிப் பேச இடம் தந்தீர்கள். நான் புத்தகத்திலிருந்தே தொடங்குகிறேன். சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை எதற்காக ஆடப்பட்டது? மதுரைப் புறத்து ஆயர்பாடியில் குடத்துப் பால் உறையவில்லை. வெண்ணெய் உருகவில்லை. காளையின் கண்ணில் நீர் வடிகிறது. என்ன கேடு வரப்போகிறதோ என்று சேரியே கலங்கி நிற்கிறது. அந்த நேரத்தில் மாதரி, கறவைகளும் கன்றுகளும் படும் துயர் நீங்கக் குரவை ஆடுவோம் என்று பெண்களை அழைக்கிறாள். ஏழு பேர் வட்டமாக நின்று கைகோத்து ஆடுகிறார்கள். கல்யாணமோ திருவிழாவோ அங்கே நடக்கவில்லை. அச்சம் சூழ்ந்த ஒரு நாளில் அவர்கள் ஆடினார்கள். கலங்கிய நெஞ்சுக்குக் கூடி ஆடுவது மருந்து என்று அந்த ஊர் அறிந்திருந்தது.

இன்றைய ஆய்வும் அந்தப் பக்கமே கைகாட்டுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரேசில் நாட்டுப் பள்ளி மாணவர்களை ஆடவைத்துச் சோதித்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே தாளத்துக்கு ஒன்றுபோல் ஆடியவர்களுக்கு வலி தாங்கும் திறன் கூடியிருந்தது. கூட ஆடியவர்கள்மீது ஒட்டுதலும் கூடியிருந்தது. உடம்பு அதிகம் வருந்தாத சிறு அசைவுகளாக இருந்தாலும், சேர்ந்து செய்தபோது அந்தப் பலன் கிடைத்தது. தனியாக ஓர் அறையில் கருவிமேல் ஓடுகிறவருக்கு அந்த ஒட்டுதல் கிடைப்பதில்லை. பக்கத்தில் ஆள் வேண்டும்.

இனி நம் உடம்பின் நிலையைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. பெண்களில் 100க்கு 57 பேர். காலையில் எழுந்ததிலிருந்து உட்கார நேரமில்லாத நாங்களா உழைக்காதவர்கள் என்று தாய்மார்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அடுப்படியில் நின்று நின்று கால் கடுக்கிறது, இடுப்பு வலிக்கிறது. ஆனால் மூச்சு சற்று வாங்கும்படி, இதயம் வேகமாகத் துடிக்கும்படி உடம்பு இயங்குவதில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது அப்படி இயங்க வேண்டும் என்கிறது அந்த நிறுவனம். சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்ட ஊர் நம்முடையது. தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் வேலை செய்யும்போது, இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்துச் சர்க்கரையை அவை எடுத்துக்கொள்கின்றன. குரவையைப் போலவே வட்டமாக நின்று ஆடும் கும்மியை அரைமணி நேரம் ஆடினால், அந்தத் தசைகளுக்கு அரைமணி நேர வேலை.

நடந்தால் போதாதா? நடப்பது நல்லது, நடங்கள். ஆனால் நடக்கும்போது நேரே மட்டும்தான் போகிறோம். கும்மியில் பக்கவாட்டில் அடி வைக்கிறோம், பின்னால் எடுத்து வைக்கிறோம், குனிந்து நிமிர்கிறோம், ஒற்றைக்காலில் பாரத்தைத் தாங்கித் திரும்புகிறோம். அறுபதைத் தாண்டியவர் குளியலறையில் வழுக்கும்போது அவரைக் காப்பாற்றுவது இந்தப் பழக்கம்தான். விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அதோடு படுத்தவர் எழாமலே போன வீடுகள் இந்த அவையிலேயே இருக்கும். அந்தத் துயரத்தில் ஒரு பகுதியையாவது நாம் தடுக்க முடியும்.

மூளைக்கும் இதில் பங்கு உண்டு. நியூயார்க்கில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2003இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உடற்பயிற்சி வகைகளில் நடனம் ஒன்றுதான் மறதிநோய் குறைந்திருந்ததோடு தொடர்புள்ளதாகத் தெரிந்தது. நலமாக இருந்தவர்கள்தான் ஆட வந்தார்களோ என்ற ஐயம் அதில் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. ஆனாலும் பாட்டைக் கேட்டு, அடுத்த அடியை நினைவில் வைத்து, பக்கத்தில் இருப்பவரோடு ஒத்துப் போவது மூளைக்கு எவ்வளவு வேலை என்பதை ஆடிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

நம் கொங்கு மண்ணின் பத்திரப்பன் ஐயாவை எண்ணிப் பாருங்கள். வள்ளி ஒயில் கும்மிக்காக 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது வயது 87. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கலையைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்த விருதைவிட, அவர் திறந்துவிட்ட வழியே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இன்று கோயில் திடல்களில் பாட்டியும் மருமகளும் பேத்தியும் ஒரே வட்டத்தில் நிற்கிறார்கள். அரங்கேற்றத்தன்று ஒரே நிறச் சேலையில் அவர்கள் ஆடுவது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் என் கவலை அரங்கேற்றம் முடிந்த மறுவாரத்தைப் பற்றியது. அன்றோடு ஆட்டம் நின்றுவிட்டால் உடம்புக்கு அது ஒருநாள் விருந்து மட்டுமே. வாரம் மூன்று மாலை, பார்க்க ஒருவரும் இல்லாமல், பழைய சேலையிலும் லுங்கியிலும் ஆடுகிற ஆட்டம்தான் நமக்கு வேண்டும்.

நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று தயங்குகிறீர்களா? அந்த நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தாளம் தப்பினால் தப்பட்டும். மூட்டு வலிக்காரர்கள் நாற்காலியில் அமர்ந்து கைதட்டி ஆடலாம். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் செருப்பில்லாமல் ஆடவே கூடாது. கல் குத்தினாலும் உங்களுக்குத் தெரியாது. ஆண்களுக்கு ஒரு சொல்: ஓரமாகக் கைகட்டி நின்று வேடிக்கை பார்க்காதீர்கள்.

இந்த நூலகத்தின் பின்புறத் திடலில் முள்ளை வெட்டி, தரையைச் சமன்செய்து, விளக்குப் போட்டுத் தருமாறு உள்ளாட்சிப் பெரியவர்களை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். அதுவரை காத்திருக்க வேண்டாம். வருகிற ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, நூலக வாசலில் கூடுவோம். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கையோடு அழைத்து வாருங்கள்.