இணையத் தேர்வில் இரவல் மூளை

2020 மார்ச்சில் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, பள்ளிப் பாடமும் சோதனையும் வீட்டுக்கு இடம் மாறின. பிள்ளை புத்தகத்தைப் பார்த்து எழுதுமோ, அண்ணனிடமோ அக்காளிடமோ கேட்டு எழுதுமோ என்பதே அன்று ஆசிரியர்களின் கவலை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின் அந்தக் கவலை பன்மடங்காகிவிட்டது. இன்று கேள்வியைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பினால் போதும். சில விநாடிகளில் செயற்கை நுண்ணறிவு விடையைத் தந்துவிடுகிறது.

இதைத் தடுக்கப் பூட்டும் உண்டு. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் உள்ள ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் உருவான 'சேஃப் எக்ஸாம் பிரவுசர்' என்ற இலவச மென்பொருள், தேர்வு முடியும்வரை கணினியில் வேறு எதையும் திறக்கவிடாது. ஆனால், மேசைக்கு அடியில் இருக்கும் கைத்தொலைபேசியை அது பூட்டுவதில்லை.

சீனாவில் 2025 ஜூனில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நடந்த வேளையில், படத்தைப் பார்த்து விடை சொல்லும் வசதியைச் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் சிலவே நிறுத்தி வைத்தன. நாடே ஒரே வேளையில் எழுதும் தேர்வுக்கு அது பொருந்தும். ஒரு பள்ளியின் மாதச் சோதனைக்கு யார் நிறுத்தி வைப்பார்கள்?

எழுதியது மனிதனா இயந்திரமா எனக் கண்டறியும் கருவிகளையும் முழுமையாக நம்ப முடியாது. ஓபன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவி, அந்நிறுவனத்தின் சொந்தச் சோதனையிலேயே இயந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காட்டை மட்டுமே சரியாகக் கண்டுபிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டின் மீது தவறாகப் பழி போட்டது. துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் அக்கருவி மீட்டுக்கொள்ளப்பட்டது.

அதே ஆண்டு வெளியான ஸ்டான்ஃபர்ட் ஆய்வு இன்னும் கவலை தருவது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தபோது, சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என முத்திரை குத்தப்பட்டன. எளிய சொற்களால் எழுதியதே அவர்கள் செய்த 'குற்றம்'. தமிழ்ப்பள்ளியில் பயின்று மூன்று மொழிகளில் எழுதும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். ஏமாற்றியவன் தப்புவது ஓர் இழப்பு. உண்மையாக எழுதிய பிள்ளை கள்ளன் என்று பெயர் வாங்குவது அதைவிடப் பெரிய கொடுமை.

நம்பத்தக்க வழி ஆசிரியரிடமே உள்ளது. எதற்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை என்பதைத் தேர்வுக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். புள்ளி கணக்கில் சேரும் சோதனையை ஆசிரியர் கண்முன் பள்ளியின் கணினி அறையில் நடத்துவது நல்லது. வீட்டில் எழுதுவது பயிற்சியாக இருக்கட்டும். வீட்டில்தான் எழுத வேண்டும் என்றால், பின்னர் ஒவ்வொரு மாணவரையும் அழைத்து, "இந்த விடை எப்படி வந்தது?" என்று ஐந்து நிமிடம் கேட்கலாம். சந்தேகப்பட்டவரை மட்டும் கேட்டால் அது விசாரணையாகிவிடும். எல்லாரையும் கேட்டால் அதுவும் பாடமாகும். சொந்தமாக எழுதிய பிள்ளை தட்டுத் தடுமாறியாவது விளக்கிவிடும்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும் பி.டி.3 தேர்வு 2022இலும் அகற்றப்பட்டபின், வகுப்பறை மதிப்பீட்டின் பொறுப்பு கூடியிருக்கிறது. பிள்ளைக்கு எது தெரியவில்லை என்பதை ஆசிரியருக்குக் காட்டுவதே சோதனையின் வேலை. இரவல் விடை அந்தக் குறையை மறைத்துவிடும். ஆசிரியரும் அடுத்த பாடத்திற்குப் போய்விடுவார். மறைந்த குறை எஸ்.பி.எம். தேர்வு மண்டபத்தில் வெளிப்படும். அங்கே கைத்தொலைபேசியும் இருக்காது, கற்றுக்கொடுக்க நேரமும் இருக்காது.