கேத்தலில் சூடு நல்லது, வயரில் சூடு ஆபத்து

(பதுளைப் பகுதித் தோட்டமொன்றின் சிறுவர் நிலையத்தில் நடந்த மாதாந்தக் கூட்டத்தில், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



காலையில் பெரட்டுக்குப் போய், மலையில் நின்று கொழுந்தெடுத்து, களைப்போடு வந்திருக்கிறீங்க. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

லயத்தில் தீ என்று பத்திரிகையில் செய்தி வந்தால், கடைசி வரியில் மின்னொழுக்கு காரணமாக இருக்கலாம் என்று போடுவார்கள். அதோடு செய்தி முடிந்துவிடும். நமக்கு முடியாது. நாம் இருப்பது வரிசைக் காம்பராக்களில், ஒரே கூரைக்குக் கீழே. ஒரு வீட்டில் பிடித்த நெருப்பு அடுத்த வீட்டு அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் புத்தகம், அடகு மீட்டு வைத்த நகை எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். அதனால் வயருக்குள் சூடு எப்படி உண்டாகிறது என்பதை எல்லாரும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

மலைக்கு மேலே தண்ணீர் டேங்க் இருக்கிறது. அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு பலமாகப் பைப்பில் தண்ணி தள்ளும். மின்சாரத்தில் இந்தத் தள்ளுதலை வோல்ட் என்று அளக்கிறோம். நம்ம நாட்டில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஓடுகிற மின்சாரத்தின் அளவு அம்பியர். பைப் ஒடுக்கமாக இருந்தாலும், ரொம்பத் தூரம் போனாலும் தண்ணி குறையும் இல்லையா? வயரும் அப்படித்தான் மின்சாரத்தை மறிக்கிறது. அந்த மறிப்புக்குத் தடை என்று பெயர். அதன் அளவு ஓம்.

இந்தக் கணக்கை 1827இல் வெளியிட்டவர் ஜோர்ஜ் சைமன் ஓம். ஜெர்மனியில் பூட்டுச் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகன், பள்ளிக்கூட வாத்தியார். வோல்டை ஓமால் பிரித்தால் அம்பியர் வரும். சாதாரண தரம் படிக்கிற நம்ம பிள்ளைகளிடம் கேட்டால் சொல்லுவாங்க.

ஒரு கம்பியின் தடையை மூன்று விஷயம் தீர்மானிக்கும். நீளம் இரண்டு மடங்கானால் தடையும் இரண்டு மடங்கு. விட்டம் பாதியானால் தடை நான்கு மடங்கு. மூன்றாவது, அது எந்த உலோகம் என்பது. நீளமும் தடிப்பும் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு உலோகமும் ஒவ்வொரு அளவு மறிக்கும். இதைத்தான் புத்தகத்தில் தடைத்திறன் என்கிறார்கள். செம்பை 1 என்று வைத்தால் அலுமினியம் ஏறக்குறைய 1.6, இரும்பு 6, நைக்குரோம் என்ற கலப்புலோகம் 60க்கு மேல். கோபுரங்களில் போகிற பெரிய கம்பிகளுக்கு அலுமினியம் போடுகிறார்கள். பாரமும் விலையும் குறைவு. தடிப்பாகப் போட்டுத் தடையைச் சரிக்கட்டிக்கொள்கிறார்கள்.

அயன் பெட்டி, கேத்தல் போன்றவற்றின் சூட்டுச் சுருளுக்கு நைக்குரோம் போடுவது தடை கூடவேண்டும் என்பதற்காகத்தான். மின்சாரம் தடையைத் தாண்டும்போது சூடு பிறக்கும். கேத்தலுக்குள் அந்தச் சூட்டில் தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்கிறது. அதே சூடு சுவர் வயரில் பிறந்தால் அங்கே ஒரு அடுப்பு எரிகிற மாதிரி.

ஒரு கணக்குப் பார்ப்போம். அடுத்த காம்பராவில் தனி லைன் இல்லை, பிள்ளை படிக்க வேண்டும் என்று மெல்லிய வயரில் 20 மீற்றர் இழுத்துக் கொடுக்கிறோம். நல்ல மனசுதான். முதலில் எரிவது சின்ன எல்.ஈ.டி. பல்ப், அதற்கு வயர் தாங்கும். கொஞ்ச நாளில் அதே வயரில் 2000 வாட் கேத்தலும் வரும். வயர் 0.5 சதுர மில்லிமீற்றர் என்றால், மின்சாரம் போய்வர 40 மீற்றர்; தடை சுமார் 1.4 ஓம். 8 அம்பியருக்கு மேல் ஓடும்போது வயரில் மட்டும் 90 வாட் அளவு சூடு. பழைய 100 வாட் பல்பைத் தொட்டவர்களுக்கு அது எப்படிச் சுடும் என்று தெரியும். மிச்ச வயரைச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே வைத்தால், சூடு வெளியேற வழியில்லாமல் பிளாஸ்டிக் உருகும். 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் என்றால் தடை ஐந்தில் ஒரு பங்குதான்.

இதைவிட மோசம், முறுக்கி டேப் சுற்றின மூட்டு. ஈரத்தில் செம்பு களிம்பு பிடிக்கும், முறுக்குத் தளரும். அந்த இடத்தில் அரை ஓம் தடை ஏறினாலே, கேத்தல் ஓடும்போது விரல் நுனி அளவு இடத்தில் 35 வாட் சூடு. ரேடியோ திருத்துகிறவர் ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் அவ்வளவுதான்! இதைப் பிரேக்கர் கண்டுபிடிக்காது. அளவுக்கு மேல் அம்பியர் ஓடினால்தான் அது விழும். ட்ரிப் சுவிட்சும் கண்டுபிடிக்காது; மின்சாரம் வெளியே ஒழுகினால்தான் அது விழும். மூட்டை நம்முடைய கண்ணும் மூக்கும்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது நம்ம உடம்பு. காய்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம். மழையில் நனைந்து வந்து வெறுங்காலோடு சிமெந்துத் தரையில் நிற்கும்போது 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230ஐ 1000ஆல் பிரியுங்க: 0.23 அம்பியர். உயிர் போக அது போதும். வீட்டு ட்ரிப் சுவிட்சை 0.03 அம்பியர் ஒழுகினாலே விழுகிற மாதிரி செய்திருப்பது இதற்காகத்தான்.

மண்ணுக்கும் தடைத்திறன் உண்டு. ஈர மண்ணில் குறைவு, காய்ந்த மண்ணிலும் கல்லிலும் அதிகம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அடிக்கிற காய்ந்த காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்தப் பேர்பெற்ற வாசம் வருகிறது. அதே காற்றில் நம்ம புவித்தொடுப்புக் கம்பியைச் சுற்றி மண்ணும் காய்கிறது. அங்கே தடை 100 ஓம் என்றால், ஒழுகுகிற மின்சாரம் 2.3 அம்பியர்தான். அதற்கு 16 அம்பியர் பிரேக்கர் அசையாது. ட்ரிப் சுவிட்ச் மட்டும்தான் காப்பாற்றும். அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேரே லைன் கொடுப்பது, காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது மாதிரி.

ஆகவே இவற்றைக் கவனியுங்க:

1. கேத்தல், அயன், ஹீட்டர் போன்றவற்றை நேராகச் சுவர்ப் பிளக்கில் மட்டும் போடுங்க. இழுத்த வயரிலோ மல்டி பிளக்கிலோ வேண்டாம்.

2. வயர், பிளக், சுவிட்ச் சுட்டால், கருகின மணம் வந்தால், பல்ப் மினுங்கினால் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, தெரிந்த மின்வேலைக்காரரைக் கூப்பிடுங்க.

3. உருகி உள்ள வீடுகளில் கம்பி எரிந்தால், அதே அளவுக் கம்பியே போடுங்க. தடிப்பான கம்பி போட்டால் உருகிக்குப் பதிலாக வீட்டு வயர் எரியும்.

4. ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்க. விழாவிட்டால் உடனே மாற்ற வேண்டும்.

5. தனி லைன் இல்லாத குடும்பங்கள் என்னிடம் பெயர் கொடுங்க. விண்ணப்பம் எழுத நான் உதவி செய்கிறேன்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, எங்கெங்கே டேப் சுற்றின மூட்டு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்க. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தக் கணக்கோடு வாங்க.