கல் வைத்த நகையும் கல்லின் கதையும்

(தோட்ட மாதர் சங்கக் கூட்டமொன்றில் யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நகையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நகை என்றால் நம் பெண்களுக்கு வெறும் அலங்காரம் இல்லை. பிள்ளை படிப்புக்கும், வருத்தத்துக்கும், கல்யாணத்துக்கும் கைகொடுப்பது அதுதான். அந்த நகையிலே தங்கத்தின் விலை எல்லோருக்கும் தெரியும். அதில் பதித்த கல்லைப் பற்றித்தான் நமக்கு அதிகம் தெரியாது. அதனால் கல்லின் கதையைக் கொஞ்சம் சொல்லுகிறேன், கேளுங்கோ.

எங்கட யாழ்ப்பாணத்தில் கல் அட்டியல், கல்லுத்தோடு, கல் மூக்குத்தி, பதக்கம் எல்லாம் பேர்போனவை. கன்னாதிட்டியிலும் கஸ்தூரியார் வீதியிலும் நகைத்தொழில் வழிவழியாக நடந்து வருகிறது. ஆனால் எங்கட மண்ணைத் தோண்டினால் ஒரு மாணிக்கமும் வராது. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லை நம்பித்தான் 1950 அளவில் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது. 1990 இல் யுத்தத்தால் நின்றுபோனது. எங்கட பக்கத்தின் சொந்தச் சொத்து என்றால் கடல் தந்த சங்கும் முத்தும்தான். சங்கு வங்காளத்துக்குப் போய் அங்கே கல்யாணப் பெண்களின் வளையலாக மாறியது.

அப்படியென்றால் கல் எங்கிருந்து வந்தது? வெளியூரில் இருந்துதான், அதுவும் பன்னெடுங்காலமாக. கந்தரோடையில் பழங்காலச் சூதுபவள மணிகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. சூதுபவளத்துக்கு அந்நாளில் பேர்போன இடம் குஜராத். 1344 இல் இபின் பதூதா என்ற மொரோக்கோ நாட்டுப் பயணி இலங்கைக்கு வந்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். உள்ளங்கை அளவு மாணிக்கக் கிண்ணத்தில் அகில் தைலம் வைத்திருந்ததைப் பார்த்து அதிசயித்ததாக எழுதி வைத்திருக்கிறார். இதைவிடப் பெரியவையும் எங்களிடம் உண்டு என்று அரசர் சொன்னாராம். முத்து விளையும் கடல் அரசர் கையில் இருந்தது. மாணிக்கமோ தெற்கே மலைநாட்டுப் பக்கத்தில் விளைவது.

மலைநாடு என்றால் உங்கள் நாடுதான். இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை, இறக்குவானை என்று தேயிலையும் கல்லும் அருகருகே இருக்கும் இடங்கள் அவை. நிலத்தின் அடியிலே பெருஞ்சூட்டில், கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கற்கள் உருவாயின. மலை மழையில் கரைய, பாரமான கற்கள் ஆற்றுப் படுகையில் சரளையோடு தங்கிவிட்டன. அந்தச் சரளைப் படையைத்தான் 'இல்லம்' என்று சொல்லுவார்கள். குழி வெட்டி, இல்லத்தை அள்ளி, கூடையில் கழுவிப் பார்த்துத்தான் கல் எடுக்கிறார்கள்.

பெயரிலேயே சில கதைகள் இருக்கின்றன. மாணிக்கமும் நீலமும் ஒரே சாதிக் கல். நிறம்தான் வேறு. விஞ்ஞானிகள் அதற்கு வைத்திருக்கும் 'கொரண்டம்' என்ற பெயர், நம் தமிழ்ச் சொல்லான 'குருந்தம்' என்பதிலிருந்து போனது. 'தோரமல்லி' என்ற சிங்களச் சொல்லில் இருந்து 'டூர்மலின்' என்ற பெயர் வந்தது. ஒல்லாந்தர் அந்தக் கல்லைக் கொண்டுபோய்ச் சூடாக்கியபோது அது சாம்பலை இழுத்ததாம். அதனால் 'சாம்பல் இழுப்பான்' என்று பெயர் வைத்தார்கள். 'மாத்தறை வைரம்' என்று ஒன்று உண்டு. அது வைரமே இல்லை. நிறமற்ற சிர்கோன் கல். இலங்கையில் வைரச் சுரங்கமே கிடையாது என்பதை மனதில் வையுங்கோ.

இனி நவரத்தினம். சூரியனுக்கு மாணிக்கம், சந்திரனுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம், வியாழனுக்குப் புஷ்பராகம், வெள்ளிக்கு வைரம், சனிக்கு நீலம், ராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம். இந்த ஒன்பதில் ஆறு இலங்கையிலேயே கிடைக்கும். வைரமும் மரகதமும் பிற நாட்டுச் சரக்கு. நகைக்குப் போடும் சிவப்புப் பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலில் இருந்து வருவது.

நம்பிக்கை அவரவர் விஷயம். அதை நான் கேலி செய்ய வரவில்லை. எங்கட வீடுகளிலும் சாத்திரம் பார்க்கிற ஆட்கள்தான். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். நீலம் போட்டால் சனி விலகும் என்று யாரோ சொன்னதற்காக, சம்பள முற்பணமோ வட்டிக் கடனோ எடுத்து மோதிரம் செய்யாதீர்கள். கிரகம் விலகுகிறதோ இல்லையோ, வட்டி விலகாது!

ஏனென்றால் கடையில் மின்னுகிற சிவப்புக் கல் எல்லாம் மண்ணில் விளைந்தவை அல்ல. 1902 இல் வெர்னுய் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, தீச்சுவாலையில் பொடியை உருக்கி மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். அது கண்ணாடி அல்ல. உண்மையான மாணிக்கத்தின் அதே பொருள். ஆனால் விலை மிகக் குறைவு. வெறுங்கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. கருவி வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் சொல்லவேண்டும். செயற்கைக் கல் நகை போடுவது குற்றமில்லை, அழகாகவே இருக்கும். இயற்கைக் கல்லின் விலையை அதற்குக் கொடுப்பதுதான் நட்டம்.

இன்னொரு கதை. 'கெவுட' என்று பால்போல மங்கலான ஒரு கல். ஒருகாலத்தில் நம் நாட்டில் அதை மதிப்பில்லை என்று ஒதுக்கினார்கள். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மலிவாக வாங்கிப் போனார்கள். 1,500 பாகைக்கு மேல் சூடாக்கியபோது அது நல்ல நீலக்கல்லாக மாறியது! மண்ணுக்குள் இறங்கிக் கல்லை எடுத்தவனுக்குச் சில்லறை. விஷயம் தெரிந்தவனுக்குப் பெரும் பணம். கல்லுக்கு விலை வைப்பது அறிவுதான். கொழுந்து பறிக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சென்ற முறை ஒரு தங்கச்சி கேட்டார்: "டீச்சர், கல்லுத்தோட்ட அடகு வைக்கப் போனா கல்லுக்கு ஏன் காசு தரமாட்டேங்கிறாங்க?" நல்ல கேள்வி. அடகு பிடிப்பவர் தங்கத்துக்குத்தான் கடன் தருவார். கல்லின் நிறையைக் கழித்துவிடுவார். ஒரு சோடித் தோடு 6 கிராம், அதில் கல் 1 கிராம் என்று வையுங்கோ. வாங்கும்போது 6 கிராமுக்கும் தங்க விலை கொடுத்தீர்கள் என்றால், அடகில் கணக்கு 5 கிராம்தான். ஒரு கிராம் காசு முதல் நாளே போய்விட்டது.

ஆகவே வாங்கும்போது நாலு காரியம் செய்யுங்கோ. முதலாவது, கல் நிறை வேறு, தங்க நிறை வேறு என்று பிரித்துப் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கோ. இரண்டாவது, கல்லின் பெயரையும் அது இயற்கையா செயற்கையா என்பதையும் எழுதச் சொல்லுங்கோ. மூன்றாவது, பழைய மாதிரி அடைப்பு வேலை நகையில் உள்ளே அரக்கு இருக்கும். அந்த நிறையையும் கேளுங்கோ. நாலாவது, 'கரட்' என்ற சொல்லில் ஏமாறாதீர்கள். தங்கத்துக்கு 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம் என்று சுத்தத்தைச் சொல்வது. கல்லுக்குக் கரட் என்பது நிறை. 5 கரட் ஒரு கிராம். விலை கூடிய கல் என்றால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் பரிசோதித்துக்கொள்ளலாம்.

நகையைப் பேணுவதும் முக்கியம். அடைப்பு வைத்த அட்டியலைத் தண்ணீரில் ஊறவிடாதீர்கள். கல்லுக்கு அடியில் உள்ள மெல்லிய தகடு கறுத்து, கல் ஒளி மங்கிவிடும். முத்துக்குப் புளியும் எலுமிச்சையும் ஆகாது.

கடைசியாக, வாலிபப் பிள்ளைகளைப் பெற்ற தாய்மாருக்கு ஒரு வார்த்தை. தேயிலை மலையிலும் ஆற்றோரத்திலும் இரவோடு இரவாகக் குழி தோண்டக் கூப்பிட ஆட்கள் வருவார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் கல் தோண்டுவது சட்டப்படி குற்றம். முட்டுக் கொடுக்காத குழி மழையில் சரிந்தால் பிள்ளை உள்ளேயே போய்விடும். கல் கிடைத்தாலும், கூப்பிட்டவன் சொன்னதுதான் விலை. கள்ளமாக எடுத்த கல்லுக்கு எந்த நியாயத்தையும் போய்க் கேட்க முடியாது. அந்தக் கல்லை நம்பிப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

கல்லை அழகுக்குப் போடுங்கோ, ஆசைக்குப் போடுங்கோ. ஆபத்துக்கு உதவுவது தங்கம். ஏமாறாமல் காப்பது நாலு விஷயம் தெரிந்திருப்பது. இன்று கேட்டதை உங்கள் பெண்பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கோ.