ஆரோ வருவினம்

(பிரித்தானியக் கிளையின் வருடாந்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் என்றபடியால் நீரிழிவு பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சாப்பாட்டுக்கு முன்னர் அதைப் பேசி உங்கள் பாயாசத்தைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. சென்ற ஒக்ரோபரில் நமது கிளையினர் 14 பேர் போன மலைநடையைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார்.

நாங்கள் ஏறியது வட இங்கிலாந்தில், கெஸ்விக் நகருக்கு அருகே, டேர்வென்ட்வோட்டர் ஏரிக்கு மேலே நிற்கும் கட்பெல்ஸ். உயரம் 451 மீற்றர். பிதுருதலாகலை 2,524 மீற்றர் என்று புவியியல் பாடத்தில் மனனம் செய்தவர்களுக்கு இதுவும் ஒரு மலையா என்று தோன்றும். ஆனால் உச்சிக்குச் சற்றுக் கீழே கையையும் ஊன்றி ஏறவேண்டிய பாறை உண்டு. யாழ்ப்பாணத்துச் சமதரையில் வளர்ந்த எங்களுக்கு உயரம் என்றால் பாடசாலை மேல்மாடிதானே! இலையுதிர் காலத்தில் சரிவெங்கும் பன்னச் செடிகள் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் சாய்ந்து கிடந்தன. உச்சியில் நின்று புளிச்சாதம் சாப்பிட்டோம். நிறையப் படம் எடுத்தோம்.

இறங்கும்போது, நனைந்த பாறையில் எங்கள் மூத்த அக்கா ஒருவருக்குக் கால் வழுக்கியது. கணுக்கால் முறிந்துவிட்டது என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. அக்காவோ, "எனக்கு ஒண்டுமில்லை, நீங்கள் நடவுங்கோ, நான் மெல்ல மெல்ல வாறன்" என்றார். இதே வசனத்தை என் சிகிச்சை அறையிலும் கேட்கிறேன். நெஞ்சு நோவோடு வரும் எங்கள் பெண்களும் இதைத்தான் சொல்வார்கள், அதுவும் இரண்டு நாள் பிந்தி.

இந்த நாட்டு மலைகளில் விபத்து நடந்தால் 999க்கு அழைத்து, முதலில் பொலிஸையும் அவர்களிடம் மலை மீட்புக் குழுவையும் கேட்கவேண்டும். கேட்டோம். (தொலைபேசி எடுபடாத இடமென்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு தடவை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதவேண்டும். குறித்துக்கொள்ளுங்கள்.) அவர்கள் மேலே வந்துசேர நேரம் எடுக்கும். முறிவைவிட எனக்குப் பயம் தந்தது குளிர். நடக்கும் உடம்பு தானே சூட்டை உண்டாக்கும். நனைந்த உடுப்போடு காற்றில் அசையாமல் கிடந்தால் அந்தச் சூடு விரைவாக இறங்கும். உடலின் உள்வெப்பநிலை 35 பாகைக்குக் கீழே போனால் ஆபத்து. நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்தினால் குளிர் விட்டதென்று ஆறுதல்படக்கூடாது. அதுதான் கெட்ட அறிகுறி.

அப்போதுதான் மேலிருந்து ஒரு வயதான தம்பதி நாயோடு இறங்கி வந்தார்கள். இரண்டே இரண்டு கேள்விதான் கேட்டார்கள். அவர் தன் பையிலிருந்து செம்மஞ்சள் துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்து உதறினார். கம்பும் கயிறும் இல்லாத கூடாரம் அது. எல்லோரும் தலைக்கு மேலால் இழுத்துப் போர்த்து, அதன் விளிம்பிலேயே குந்திவிட வேண்டியதுதான். அக்காவுக்குக் கீழே தங்கள் தடித்த பாயை விரித்தார்கள், தரையும் சூட்டை உறிஞ்சும் என்பதால். வெளிச்சம் இருக்கும்போதே மற்றவர்களை அந்த அம்மா பாதை காட்டிக் கீழே கூட்டிப்போனார். நாங்கள் ஐந்து பேரும் அவருமாக ஆறு பேர் உள்ளே. சில நிமிடங்களிலேயே மூச்சுக்காற்றால் அந்த இடம் சூடாகிவிட்டது. அவருடைய போத்தலில் இனிப்புத் தேநீர் இருந்தது. சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்று அக்காவுக்கு ஒரு மிடறோடு நிறுத்திவிட்டேன். அதற்காக அவருக்கு இன்றும் என்னில் கோபம்.

"இதை எத்தனை தடவை பாவித்திருக்கிறீர்கள்?" என்று அவரிடம் கேட்டேன்.

"பன்னிரண்டு வருடமாகச் சுமக்கிறேன். இன்றுதான் முதல் தடவை" என்றார்.

எங்களில் ஒருத்தி மெதுவாக, "கொடிகாமம் ஞாபகம் வருது" என்றாள். அதற்கு விளக்கம் தேவைப்படாதவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர். 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள், இலட்சக்கணக்கான சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்த பிள்ளைகள் நாங்கள். எங்கள் குடும்பம் விடிந்த பிறகு ஒதுங்கிய முற்றத்தில், முன்பின் தெரியாத ஓர் ஆச்சி கிடாரம் நிறையக் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தார். எங்களுக்கென்று காய்ச்சியதா என்று அம்மா கேட்டதற்கு, "ஆர் வருவினமெண்டு தெரியாது பிள்ளை, ஆரோ வருவினமெண்டு தெரியும்" என்றார். அந்த வீட்டு விறாந்தையில் பல நாட்கள் படுத்தோம். ஆச்சியின் பெயரைக் கேட்டு வைக்க வேண்டுமென்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை; ஆச்சி ஆச்சிதான்.

இரக்கம் என்பது அந்தக் கணத்தில் மனம் உருகுவது என்றுதான் நாங்கள் பொதுவாகப் பேசுகிறோம். ஆச்சியின் அரிசி முதல்நாளே ஊறியிருக்கும். இவருடைய கூடாரம் பன்னிரண்டு வருடமாகப் பைக்குள் கிடந்திருக்கிறது. என்ன கதைக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். கஞ்சிக் கதையை ஆங்கிலத்தில் சொன்னேன். கிடாரத்துக்கு ஆங்கிலம் வரவில்லை, கையால் அளவு காட்டினேன்.

மீட்புக் குழுவினர் இருட்டுக்குள் தலைவிளக்குகளோடு வந்தார்கள். அவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். மீட்புக்குக் கட்டணமும் இல்லை. பொதுமக்கள் தரும் நன்கொடையில் இயங்குகிறார்கள். ஒருவர் வெதுப்பகத்தில் வேலையாக நின்றவர் போலும், நகக்கண்ணில் மா இருந்தது. காலை மட்டைவைத்துக் கட்டி, தூக்குப் படுக்கையில் கிடத்தி, ஆள் மாறி ஆள் பிடித்து இறக்கினார்கள். அக்கா வழிநெடுக, "உங்களுக்குக் கரைச்சல் தந்துவிட்டேன்" என்று மன்னிப்புக் கேட்டபடியே போனார். மாக்கைக்காரர், "இதற்காகத்தானே ஒவ்வொரு மாதமும் பயிற்சி செய்கிறோம்" என்றார். அதன் பிறகுதான் அக்கா வாயை மூடினார்.

அந்தத் தம்பதியிடம் முகவரி கேட்டோம், தரவில்லை. நமது கிளை மீட்புக் குழுவுக்கு ஒரு தொகை அனுப்பியது. அதே போன்ற கூடாரம் இரண்டும் வாங்கியது. ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்கும் குறைவு. ஒன்றைத் தானே சுமப்பதாகச் சொல்லி, அடுத்த ஒக்ரோபர் நடைக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார், மூன்றாம் வரிசையில் என்னை முறைத்துக்கொண்டிருக்கும் அக்கா. மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு செயலாளரிடம் பெயரைத் தாருங்கள். வழுக்காத அடியுள்ள சப்பாத்தும் ஒரு விசிலும் கட்டாயம். புளிச்சாதம் நான் கொண்டுவருகிறேன்.