வெள்ளைப்படுதலும் வீட்டார் அறிய வேண்டியதும்

பஞ்சாயத்து அங்கத்தினர்களே, விவசாயப் பெருமக்களே!

பெண்களுக்கு உண்டாகும் வெள்ளைப்படுதலைப் பற்றி இச்சபையில் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். இங்குள்ள பெண் அங்கத்தினர்கள் அதன் துன்பத்தை அறிவார்கள். ஆகவே ஆடவரை முன்னிட்டே பேசுகிறேன்.

சிறிதளவு வெள்ளைப்படுதல் இயற்கையானதே. அதற்கு வைத்தியம் வேண்டியதில்லை. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்கள் பலருடைய பிறப்புறுப்புப் பாதையில் லாக்டோபாசில்லஸ் என்னும் நன்மை தரும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. ஜெர்மானிய மருத்துவர் டோடர்லைன் 1892-ஆம் ஆண்டில் இவற்றை விவரித்தார். தயிரைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு இவை உறவு. இவை சுரக்கும் அமிலமே தீய கிருமிகளைத் தடுக்கிறது. (அதற்காகத் தயிரைப் பூசினால் போதுமென்று எண்ணிவிட வேண்டா. உறவேயன்றி, இரண்டும் ஒன்றல்ல.) சோப்பும் கிருமிநாசினியும் கொண்டு உட்புறத்தைக் கழுவுவதால் இக்காவல் குலைகிறது.

காவல் குன்றியதும் கார்ட்னெரெல்லா முதலிய பலவகைப் பாக்டீரியாக்கள் ஒருங்கே பெருகுகின்றன. நீர்த்த, சாம்பல் நிறக் கசிவும் மீன் நாற்றமும் இதன் அறிகுறிகள். பலருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. தயிர்த்திரி போன்ற கசிவும் கடும் அரிப்பும் கண்டால் அது பெரும்பாலும் கேண்டிடா என்னும் காளானின் வேலை. டிரைக்கோமோனஸ் என்பதோ ஓரணு உயிர், உடலுறவினால் பரவுவது. ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாமற் போகலாம். "உடற்சூடு" என்று சொல்லி, கடையில் கேட்ட மாத்திரையை விழுங்குவதால் வரும் கேடு இதுதான். பாக்டீரியாப் பெருக்கம் கர்ப்பிணிகளுக்குக் குறைமாதப் பிரசவ அபாயத்தையும், எய்ட்ஸ் கிருமி தொற்றும் வாய்ப்பையும் மிகுவிக்கிறது.

இனி ஆடவர் பங்கு. டிரைக்கோமோனஸ் கண்டால் கணவனும் மருந்துண்ண வேண்டும். பாக்டீரியாப் பெருக்கத்திலும் அவனுக்குப் பங்குண்டு. ஆஸ்திரேலியாவில் நடந்து 2025-இல் வெளியான ஆய்வில், மனைவிக்கு மட்டும் மருந்தளித்தபோது 12 வாரங்களில் 63 சதவிகிதத்தினருக்கு அந்நோய் திரும்பிற்று. கணவனுக்கும் மாத்திரையும் பூச்சுமருந்தும் அளித்தபோது 35 சதவிகிதத்தினருக்கே திரும்பிற்று. நோய் கண்டதும் மனைவியின் நடத்தையை ஐயுறுவோர் இன்றும் உளர், அது பேதைமை. அவ்வச்சத்தாலேயே பெண்கள் வாய்திறவாது நாட்களைக் கடத்துகின்றனர். மருத்துவர் அழைத்தால் கணவரும் உடன் செல்லுங்கள்.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்த் துணைச் சுகாதார நிலையத்தை இவ்வாரமே சென்று பாருங்கள். செவிலியரிடம் ஒரு பெண் தனித்துப் பேசக் கதவுள்ள அறை உண்டா, பரிசோதனைக்குத் திரை உண்டா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கவனியுங்கள். குறையிருப்பின் அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் முதலாவதாகச் சேருங்கள்.